மயிலாடியிலிருந்து கிள்ளானுக்கு 15 அடி ஆஞ்சநேயர்: லாரியிலும் கப்பலிலும் அனுப்புவது எப்படி?

கேள்வி இது: கன்னியாகுமரி மாவட்டம் மயிலாடியில் உள்ள ஒரு கல்சிற்பப் பட்டறைக்கு மலேசியாவின் கிள்ளானிலிருந்து ஒரு கோயில் கமிட்டி ஆர்டர் கொடுத்திருக்கிறது. ஒரே கல்லில் 15 அடி ஆஞ்சநேயர். வரைபடம் இன்னும் முடிவாகவில்லை. இவ்வளவு பெரிய சிலை கன்டெய்னரில் போகுமா, லாரிக்குத் தனி அனுமதி வேண்டுமா, எந்தத் துறைமுகம், என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

பதில்:

கல் எடுப்பதற்கு முன்னாலேயே கேட்டது ரொம்ப நல்லது. பெரும்பாலான பட்டறைகளில் சிலை முடிந்து, பாலிஷும் போட்டு, கும்பாபிஷேகத் தேதியும் குறித்த பிறகுதான் போக்குவரத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கிறார்கள். அப்போது எதையும் மாற்ற முடியாது. ஒரு சிலை எந்தப் பெட்டியில் போகும், எவ்வளவு செலவாகும், முழுசாகப் போய்ச் சேருமா என்பதெல்லாம் வரைபடத்திலேயே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது.

முதலில் எடை. நம் பக்கத்துக் கருங்கல் ஒரு கன அடிக்குச் சுமார் 76 கிலோ வரும். 15 அடி உயரம், தோள் அகலம் 6 அடி, முன்பின் கனம் 4 அடி என்றால் 360 கன அடி. கல்லாக இருக்கும்போது 27 டன்னுக்குக் கொஞ்சம் மேல். செதுக்கிய பிறகு எவ்வளவு மிஞ்சும் என்பது உருவத்தைப் பொறுத்தது. இங்கே கணக்குக்காக 20 டன் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் சிலையை எடைபோட்டுப் பார்க்கும்வரை கிரேன்காரரிடமும் வண்டிக்காரரிடமும் 27 என்றே சொல்லுங்கள். குறைத்துச் சொன்ன எடையை நம்பித்தான் கிரேன்கள் சாய்கின்றன.

இப்போது அளவு. 15 அடி என்றதும் பூதாகாரமான சரக்கு என்று நினைக்கத் தோன்றும். மல்லாக்கப் படுக்க வைத்துப் பாருங்கள்: நீளம் 4.57 மீட்டர், அகலம் 1.83, உயரம் 1.22. சாதாரண 20 அடி கன்டெய்னரின் உள்ளளவு நீளம் 5.9, அகலம் 2.35, உயரம் 2.39 மீட்டர். சரக்கு 28 டன் வரை ஏற்றலாம். அதாவது உங்கள் ஆஞ்சநேயர் கனமான சரக்குதானே தவிர, அளவு மீறிய சரக்கு இல்லை. இந்த வித்தியாசத்தில்தான் லட்சக்கணக்கில் பணம் இருக்கிறது.

சாதாரணக் கன்டெய்னரின் கதவு வழியாக 20 டன் கல்லை உள்ளே தள்ளுவது ஆபத்தான வேலை. அதனால் மேல்கூரை இல்லாத ஓப்பன் டாப் கன்டெய்னர் கேளுங்கள். கூரைக்குப் பதில் தார்ப்பாய் இருக்கும், கிரேனால் மேலிருந்து நேராக இறக்கலாம். அதன் மேல்வாய் அகலம் சுமார் 2.2 மீட்டர். ஆகவே சுற்றிக் கட்டும் கட்டை, ரப்பர் எல்லாம் சேர்த்து 7 அடிக்குள் சிலை அடங்கிவிட வேண்டும். இந்த 7 அடியைப் பட்டறைச் சுவரில் எழுதி வைத்துவிடுங்கள். கமிட்டிக்காரர்கள் சஞ்சீவி மலையை ஏந்திய கை வெளியே நீளட்டும், கதை (கதாயுதம்) இன்னும் கொஞ்சம் விரியட்டும், வால் பக்கவாட்டில் சுருளட்டும் என்பார்கள். அகலம் 8 அடி ஆனால் ஓப்பன் டாப் போய்விடும். இரு முனையில் மட்டும் சுவர் வைத்த, பக்கமும் கூரையும் இல்லாத ஃபிளாட் ரேக் வேண்டியிருக்கும். அதன் பக்கவிளிம்பையும் தாண்டினால் கப்பலில் பக்கத்துப் பெட்டி நிற்கும் இடத்தில் வேறு எதையும் வைக்க முடியாது. அந்தக் காலி இடத்துக்கும் சேர்த்து உங்களிடம்தான் வாடகை வாங்குவார்கள். அரை முழம் கல்லுக்காக இரண்டு மூன்று பெட்டிக்கான பணம் போகும். வால் உடலை ஒட்டி மேலே ஏறுவது போலவோ, கை மார்பை ஒட்டி வருவது போலவோ வரைந்தால் அழகும் குறையாது, சிலையும் பத்திரமாக இருக்கும்.

பீடத்தைத் தனிக்கல்லாக வையுங்கள். இதில் மரபை மீறுவது எதுவும் இல்லை. சிலையைப் பீடத்தில் அஷ்டபந்தன மருந்து சாத்தி நிறுத்துவதுதான் நம் முறை. பீடம் வேறு பெட்டியில், அல்லது வேறு கப்பலில்கூடப் போகலாம். முன்கூட்டியே போனால் அங்கே அஸ்திவாரத்தில் அதைச் சமன்படுத்தியும் வைத்துவிடுவார்கள். கன்னியாகுமரிப் பாறையில் நிற்கும் வள்ளுவரையே பாருங்கள். 38 அடி பீடமும் 95 அடி சிலையுமாக 133 அடி, 7,000 டன். 3,681 கற்களாகச் செதுக்கி, கடலைக் கடந்து கொண்டுபோய் அடுக்கி எழுப்பியதுதான் அது. 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். வழிபாட்டு மூர்த்தியை அப்படித் துண்டு போட முடியாது, சரி. ஆனால் பீடம், திருவாசி, தனியாகப் பொருத்தக்கூடிய கதை என்று பிரிக்க இடம் இருக்கிற எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள்.

இன்னொன்று சிற்பிகளுக்கே தெரிந்தது, ஆனால் அவசரத்தில் விட்டுவிடுவது. கருங்கல் அழுத்தத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், வளைவையும் இழுப்பையும் தாங்காது. விரல், மணிக்கட்டு, கணுக்கால், கழுத்து, காதுக் குண்டலம் எல்லாம் ஆபத்தான இடங்கள். கைக்கும் உடலுக்கும் நடுவில், கால்களுக்கு நடுவில் கொஞ்சம் கல்லைப் பாலமாக விட்டுவிட்டு அனுப்புங்கள். கண் திறக்க எப்படியும் உங்கள் ஸ்தபதி கிள்ளானுக்குப் போகத்தான் போகிறார். அப்போது அந்தக் கல்லை எடுத்து மெருகும் போட்டுவிடலாம், தனியாக ஒரு பயணச் செலவு இல்லை. சாமியை மல்லாக்கப் படுக்க வைத்து அனுப்புவதா என்று கமிட்டியில் யாராவது தயங்கினால், கண் திறந்து பிரதிஷ்டை ஆகும்வரை அது சிற்பம்தான் என்று ஸ்தபதியையே சொல்லச் சொல்லுங்கள். நிற்க வைத்து அனுப்புவதை நினைத்தே பார்க்கக் கூடாது. டிரெய்லர் தளத்தோடு சேர்த்து 6 மீட்டர் உயரம் வரும், ஒரு மின்கம்பி விடாமல் தட்டும்.

துறைமுகம் தூத்துக்குடிதான். விழிஞ்ஞம் கிட்டத்தில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2025 மே மாதம் திறப்பு விழா நடந்த அந்தத் துறைமுகம் கப்பலிலிருந்து கப்பலுக்குப் பெட்டி மாற்றுவதற்காகவே முதன்மையாகக் கட்டப்பட்டது. தவிர, அந்த வழியில் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலில் டிரெய்லரைக் கொண்டுபோவது பெரிய பாடு. நம் மாவட்டத்தில் குளச்சலுக்குப் பழைய துறைமுகப் பெருமை உண்டு, ஆனால் இன்று கன்டெய்னர் ஏற்ற அங்கே வசதி இல்லை. தூத்துக்குடிக்குக் காவல்கிணறு வந்து நான்கு வழிச்சாலையில் ஏறி, வள்ளியூர், நாங்குநேரி, திருநெல்வேலி வழியாகப் போகலாம். கூடங்குளம், உவரி, திருச்செந்தூர் என்று கடற்கரை வழியும் இருக்கிறது. அது தூரம் குறைவு போலத் தெரியும், ஆனால் ஊர்களும் வளைவுகளும் வேகத்தடைகளும் அதிகம். கல் ஏற்றிய வண்டிக்குக் குலுக்கல்தான் எதிரி. சுற்றானாலும் நான்கு வழிச்சாலையே மேல்.

அனுமதியைப் பொறுத்தவரை, 20 டன் சிலையும் பெட்டியும் டிரெய்லரும் சேர்ந்து 40 டன்னுக்குள் வரும். ஐந்து, ஆறு அச்சு டிரெய்லருக்குச் சட்டம் அனுமதிக்கும் மொத்த எடைக்கு உள்ளேதான் இது. சரக்கு 2.6 மீட்டர் அகலத்தைத் தாண்டாதவரை தனி அனுமதி தேவையில்லை. ஆனால் குறைந்த அச்சுள்ள லாரியில் ஏற்றிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். பணத்தைவிட, மயிலாடி சுற்றுவட்டாரத்தில் வாய்க்கால்கள் மேல் இருக்கும் சின்னப் பாலங்களை நினைத்துப் பாருங்கள். பட்டறையிலிருந்து பெரிய ரோடு வரை உள்ள தூரத்தை வண்டிக்காரரோடு ஒருமுறை நடந்தே பாருங்கள். டிரெய்லர் திரும்ப முடியாத முனை, தாழ்ந்த கேபிள், கோயில் அலங்கார வளைவு, பழைய கலுங்கு எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

இதைவிடப் பெரிய சிலை என்றால் கதையே வேறு. வந்தவாசிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குப் போன விஸ்வரூபக் கோதண்டராமர் சிலை பலருக்கும் நினைவிருக்கும். சுமார் 350 டன், 240 சக்கர வண்டி. 2018 டிசம்பரில் கிளம்பியது பெங்களூர் போய்ச் சேர அரை ஆண்டு ஆனது. வழியில் கடைகளின், வீடுகளின் முகப்பை இடிக்க வேண்டிவந்தது, ஆற்றில் தற்காலிகப் பாதை போட வேண்டிவந்தது. அந்த மாதிரிப் பாரத்துக்கு ஒவ்வொரு அச்சுக்கும் எடையைச் சமமாகப் பிரித்துக் கொடுக்கும் ஹைட்ராலிக் அச்சு டிரெய்லர் வேண்டும். நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி, பாலம் பாலமாகச் சோதனை, முன்னும் பின்னும் பைலட் வண்டி, கம்பியைத் தூக்கிவிட மின்வாரிய ஆட்கள் என்று எல்லாம் தேவைப்படும். கப்பலும் சொந்தக் கிரேன் உள்ள சரக்குக் கப்பலாக இருக்க வேண்டும். 80 மீட்டர் நீளக் காற்றாலை இறக்கைகளைக் கையாண்ட துறைமுகம் தூத்துக்குடி, ஆகவே அங்கே ஆளும் அனுபவமும் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு அது தேவையில்லை. தேவையில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

ஏற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான சேதம் நடுக்கடலில் நடப்பதில்லை, ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான் நடக்கிறது. அதனால் தூக்கும் தடவைகளைக் குறையுங்கள். பட்டறையில் லாரியில் ஏற்றி, தூத்துக்குடிக் கிடங்கில் இறக்கி, மறுபடி பெட்டியில் ஏற்றுவதை விட, காலி ஓப்பன் டாப்பை மயிலாடிக்கே வரவழைத்து, ஒரே தூக்கில் உள்ளே வைத்துக் கட்டிவிடுவது நல்லது. கஸ்டம்ஸ் சோதனை, சீல் வைப்பது எல்லாம் அதற்கேற்ப எப்படி நடக்கும் என்று ஏற்றுமதி ஏஜென்டிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

50 டன் கிரேன் என்றால் எங்கிருந்தும் 50 டன் தூக்கும் என்று நினைக்கக் கூடாது. கிரேனின் நடுவிலிருந்து சுமார் 3 மீட்டர் தள்ளி, பூமை, அதாவது கிரேனின் நீளும் கையை, நீட்டாமல் தூக்கும்போதுதான் அந்த எண். பட்டறைச் சுவருக்கு வெளியே நின்று எட்டித் தூக்க வேண்டியிருந்தால் அதன் பலம் நாலில் ஒன்றாகக்கூட இறங்கிவிடும். கிரேன்காரரிடம் உள்ள பார அட்டவணையைக் கேட்டு, உங்கள் தூரத்துக்கு என்ன எடை என்று நேரில் பாருங்கள். சிலையைச் சுற்றிப் போட்டுத் தூக்கும் பெல்ட்டின் கோணமும் முக்கியம். இரண்டு பெல்ட் போட்டு, அவை தரைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் நின்றால் 20 டன் சிலைக்கு ஒவ்வொன்றும் பதினொன்றரை டன் தாங்கும். 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு பெல்ட்டுக்கும் முழு 20 டன். கல்லின் கூரான விளிம்பில் பெல்ட்டை நேராகப் போட்டால் கத்தி வைத்தது மாதிரி அறுத்துவிடும், ரப்பர் இல்லாமல் போடக் கூடாது. ஆனி, ஆடியில் முப்பந்தல் காற்று எப்படி அடிக்கும் என்று மயிலாடிக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த மாதங்களில் தூக்குவதாக இருந்தால் விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் சிலையை வைக்கோலும் மணலும் போட்டுப் படுக்க வைப்பதுதான் வழக்கம். உள்ளூருக்கு அது அருமையான மெத்தை. வெளிநாட்டுக்கு வேண்டாம். வைக்கோல், மண் இரண்டையும் பயிர் நோய்த் தடுப்புக்காரர்கள் பிடித்து நிறுத்திவிடுவார்கள். தடித்த ரப்பரும் ஃபோமும் போடுங்கள். முட்டுக் கொடுக்கும் மரம் எல்லாம் சர்வதேச விதிப்படி, மரத்தின் உள்நடுவில் 56 டிகிரி வெப்பம் 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்கி முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். ஐ.எஸ்.பி.எம். 15 என்று கேட்டால் தூத்துக்குடியில் தெரியும். பட்டறையில் கிடக்கும் பலா, ரப்பர் மரக் கட்டைகளை அவசரத்துக்குச் செருகிவிடாதீர்கள்.

பெட்டியின் தரை ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் நாலரை டன்தான் தாங்கும். உங்கள் சிலை இரண்டே கட்டைகளின் மேல் உட்கார்ந்தால் தரை பிளந்துவிடும். இரண்டு இரும்பு பீம்களைப் பெட்டியின் நீளத்துக்குப் போட்டு, அதன்மேல் குறுக்குக் கட்டைகள் வைத்துச் சிலையைக் கிடத்துங்கள். குறுக்குக் கட்டை இடுப்பு, தொடை, தோள் போன்ற கனமான இடங்களில் வர வேண்டும், கழுத்துக்கு அடியில் வரக் கூடாது. சிலை முழுக்க ஒரே கனமாக இருக்காது என்பதால் அதன் எடை நடுவும் நீள நடுவும் ஒன்றாக இருக்காது. பெட்டியின் நடுவுக்கு எடை நடுவைத்தான் கொண்டுவர வேண்டும். பெட்டி நீளத்தில் 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் துறைமுகக் கிரேன் தூக்கும்போது ஒரு பக்கம் தாழும்.

கட்டுவதற்கு ஒரு கணக்கு: லாரி பிரேக் போடும்போது சரக்கு தன் எடையில் 0.8 பங்கு விசையோடு முன்னால் பாயும் என்று வைத்துக் கட்டச் சொல்கிறது சர்வதேசச் சரக்கு ஏற்றும் நெறிமுறை. மோசமான கடலில் பக்கவாட்டிலும் அதே 0.8. அதாவது 20 டன் சிலையை 16 டன் விசை தள்ளுவதாக நினைத்துக்கொண்டு கட்ட வேண்டும். வெறும் செயினை நம்பாமல் நாலு பக்கமும் கட்டை வைத்து முட்டுக் கொடுங்கள். செயின் கை, கதை மேல் போகவே கூடாது. செயினுக்கும் கல்லுக்கும் நடுவில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் போடுங்கள். இல்லாவிட்டால் கடல் ஈரத்தில் துரு இறங்கிக் கல்லில் கறை பிடிக்கும், அதை எடுப்பது பெரும்பாடு. மயிலாடியிலிருந்து கிளம்பி நாங்குநேரி தாண்டியதும் வண்டியை நிறுத்தி எல்லா முடுக்கையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

காகிதங்களில் சிலைக்கே உரிய ஒன்று இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொன்மைப் பொருள் சட்டப்படி நூறு வயதுக்கு மேற்பட்ட சிலையை வெளியே அனுப்ப முடியாது. உங்களுடையது புதுச் சிலை என்பதற்குத் தொல்லியல் துறையிடம் தொன்மைப் பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கி வைத்துவிடுங்கள். கல் வந்த நாளிலிருந்து வேலை நடப்பதைப் படம் எடுத்து வைத்திருந்தால் கேள்விக்கே இடமிருக்காது. மற்றபடி ஏற்றுமதிக் குறியீட்டு எண், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் எல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். பெட்டியோடு சேர்த்து எடைபோட்டு உறுதி செய்த எடைச் சான்று இல்லாமல் 2016 ஜூலையிலிருந்து எந்தப் பெட்டியும் கப்பல் ஏறாது. எடை மேடைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து சிறு கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறி கிள்ளான் போவது வழக்கமான ஏற்பாடு. மாறும் ஒவ்வொரு இடத்திலும் பெட்டியைத் தூக்கி வைப்பார்கள் என்பதை நினைவில் வைத்து உள்ளே கட்டுங்கள். அங்கே இறங்கிய பிறகு ஓப்பன் டாப் போன்ற பெட்டிகளுக்கு இலவச நாட்கள் குறைவு, தாமத வாடகை அதிகம். கமிட்டியிடம் கோயில் வாசலின் அகலம், கிரேன் நிற்கும் இடம், மண்டபக் கூரை போட்டாகிவிட்டதா என்பதை வீடியோவோடு கேளுங்கள். கூரை போட்டபின் 15 அடி சிலையை உள்ளே நிமிர்த்துவது இரட்டை வேலை. கிள்ளானில் இறக்கும் கிரேன் யார் செலவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

கடைசியாக இன்சூரன்ஸ். இதில்தான் மனசு கேட்காமல் அழுத்திச் சொல்கிறேன். கப்பல் கம்பெனியின் பொறுப்பு சர்வதேச விதியில் எடைக்கு இவ்வளவு என்று வரம்பு கட்டியது, உங்கள் சிற்பிகளின் உழைப்புக்கு அது ஈடாகாது. கப்பலுக்கே ஆபத்து வந்தால் பொது இழப்பு என்று அறிவித்து, சரக்குக்காரர்களிடமும் பங்கு கேட்பார்கள். 2021-இல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் சிக்கியபோது அப்படித்தான் நடந்தது. அதனால் எல்லா ஆபத்தையும் உள்ளடக்கும் ‘ஏ’ பிரிவுப் பாலிசி எடுங்கள். பட்டறையில் தூக்குவது முதல் கிள்ளானில் பீடத்தில் நிறுத்துவது வரை அதில் வர வேண்டும். முக்கியமாக ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் கண்ணுக்கு ஒரு விரல் முறிந்தால் அது சின்னச் சேதம், ஒட்டினால் தீர்ந்தது. நமக்கு விரல் போன மூர்த்தி பின்னம், பிரதிஷ்டைக்கு ஆகாது. புதுக் கல்லில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே வழிபாட்டுக்கு உதவாத அளவு எந்தச் சேதமும் முழு இழப்பாகக் கொள்ளப்படும் என்று பாலிசி போடும்போதே எழுதி வாங்குங்கள். அதற்குக் கமிட்டியின் கடிதமும் ஸ்தபதியின் கடிதமும் இணைக்கலாம். சீல் வைக்கும் முன் ஒவ்வொரு விரலையும் நகைவேலையையும் தேதியோடு படம் எடுங்கள். கிள்ளானில் தார்ப்பாயைத் திறக்கும்போது ஸ்தபதி பக்கத்தில் நிற்கட்டும். ஏதாவது சேதம் தெரிந்தால் வாங்கிக்கொண்ட சீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அதை எழுதச் சொல்லுங்கள். வெளியே தெரியாத சேதம் என்றால் மூன்று நாளுக்குள் கப்பல் கம்பெனிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.